பெட்டி வண்டிக்காரனின் மோதிரங்கள்

பெட்டியைத் தூக்கிப் பார்த்தே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவான் கோல்மன் டால்ட்டி. சொன்னது சரியா என்று பார்ப்பதற்குத்தான் வழி கிடையாது. சைக்கிளில் ஊர் சுற்ற வந்தவர்கள் காலையில் விடுதிக் கூடத்தில் பெட்டிகளை வைத்துவிட்டுக் கிளம்பிப் போன பிறகுதான் அவன் வண்டி வந்து நிற்கும். அவர்கள் மிதித்துக் களைத்து அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும்போது பெட்டிகள் அவர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். கொண்டுவந்து வைத்தவன் போயிருப்பான். பெட்டி தானாக நடந்து வந்தது என்று அவர்கள் நினைத்துக்கொண்டாலும் குற்றம் சொல்ல முடியாது.

டூலினிலிருந்து கடலோரமாக ஃபனோர். அங்கிருந்து பிளாக் ஹெட் முனையைச் சுற்றி பாலிவான். அப்புறம் கூரையில்லாத பழைய மடாலயத்தைத் தாண்டி கின்வாரா. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சாம்பல் நிறத்தில் வெறும் பாறையாக மலை. இந்த வழியைப் பற்றி விளம்பரங்களில் என்னென்னவோ போட்டிருந்தார்கள். காற்று எதிர்க்காற்றாக இருக்கும் என்பதை மட்டும் ஒருவரும் போடவில்லை. கோல்மனுக்கு அது பெட்டி போகிற சாலை, அவ்வளவுதான்.

அந்தச் சாலையில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவான். எதிரே வருகிறவனும் ஒரு விரலைத் தூக்குவான். அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் வணக்கம் வைத்தால் என்ன ஆயிற்று இவனுக்கு என்று கேட்பார்கள். சில நாள் கோல்மன் உலகத்தோடு பேசியதெல்லாம் அந்த ஒற்றை விரல்தான்.

வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. ஆகக்கூடாது என்று யாரும் சபதம் எடுக்கவில்லை; ஒரு வருஷம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஒரு வருஷம் மாட்டுக்குச் சரியில்லை, அப்புறம் அம்மாவுக்கு முழங்கால். இப்படியே போய்விட்டது. பக்கத்து ஊரான லிஸ்டூன்வார்னாவில் செப்டம்பர் தோறும் வரன் தேடுகிறவர்களுக்கென்றே ஒரு திருவிழா நடக்கிறது. அங்கேயும் போனான். ஆட எழுந்தவர்களின் கோட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்றுவிட்டு வந்தான். தங்கை நுவாலா டொராண்டோவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டு அங்கே பனி எவ்வளவு என்று சொல்வாள், இவன் இங்கே மழை எவ்வளவு என்று சொல்வான். நிலத்தைப் பக்கத்து நிலத்துக்காரன் ஜான்ஜோவிடம் மாடு மேய்க்கக் கொடுத்துவிட்டு, பாலிவானில் சைக்கிள் பயணம் நடத்தும் பிரீட் நெஸ்டரிடம் பெட்டி வண்டி ஓட்டச் சேர்ந்தான்.

அவன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒரு சாஸர் இருக்கிறது. அதில் மோதிரங்கள். தங்கமில்லை, தகரம். அக்டோபர் கடைசியில் கடைகளுக்கு பிராக் வரும். உலர்ந்த திராட்சை போட்ட உருண்டை ரொட்டி, உள்ளே ஒரு மோதிரத்தை வைத்துச் சுட்டிருப்பார்கள். வெட்டும்போது யார் துண்டில் மோதிரம் வருகிறதோ அவருக்கு அடுத்த வருஷத்துக்குள் கல்யாணம். நாலு பேர் இருக்கிற வீட்டில் இதற்காக அடிதடியே நடக்கும். கோல்மன் வீட்டில் சண்டை இல்லை. ஒரே ஆள் ஒரு முழு பிராக்கைத் தின்றால் மோதிரம் வேறு யாருக்குப் போகும்? அம்மா இறந்த வருஷத்திலிருந்து எல்லா மோதிரமும் அவனுக்கே வந்துகொண்டிருந்தது. எறியவும் மனசில்லை, எண்ணிப் பார்க்கவும் மனசில்லை. சாஸரில் போட்டு வைத்தான்.

இத்தனைக்கும் நடுவில் அவன் நாளை நாளாக ஆக்கியது ஃபனோர் விடுதிக்காரி தெரேசா கெரினின் டீ. டூலினிலிருந்து வந்த பெட்டிகளை அங்கே இறக்கிவைத்து, கின்வாரா போகிற பெட்டிகளை ஏற்றிக்கொள்வான். அப்போது சமையலறையிலிருந்து குரல் வரும்.

"டீ போடட்டுமா கோல்மன்?"

"வேண்டாம் தெரேசா. பெட்டியெல்லாம் கெடக்கு."

"பெட்டிக்குக் காலா மொளச்சிருக்கு, ஓடிப் போறதுக்கு? உள்ள வா."

"இல்லல்ல, இப்பத்தான் வீட்ல குடிச்சிட்டு வந்தேன்."

"உன் வீட்டு டீய எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு மொடக்கு."

"சரி, நின்னுக்கிட்டே குடிச்சிர்றேன்."

அப்புறம் உட்காருவான். ஸ்கோன் ரொட்டி வரும், வெண்ணெய் வரும், ஊரில் யார் செத்தார்கள், யார் சாகக் கிடக்கிறார்கள், யார் சாகவேண்டியது சாகாமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் வரும். மறுநாளும் இதே பேச்சு, முதல் வேண்டாமிலிருந்து. அதில் ஒரு வரி குறைந்தாலும் இரண்டு பேருக்கும் என்னவோ போலிருக்கும். மூன்று தடவை கேட்கவேண்டும், இரண்டு தடவை மறுக்கவேண்டும். கேட்டதுமே சரியென்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறவனை வளர்த்த விதம் சரியில்லை என்பார்கள். ஒரே தடவை கேட்டு நிறுத்திக்கொள்கிறவளை அதைவிட மோசமாகச் சொல்வார்கள்.

தெரேசாவுக்கு இடுப்பு போய்விட்டது. மகள் வந்து கார்க் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டை வாங்கியது ஹாலந்துக்காரி லீஸ்பெத். ஐம்பது தாண்டியவள், தனி ஆள். சில வருஷத்துக்கு முன்னால் இதே சாலையில் சைக்கிளில் வந்து, இந்த வீட்டிலேயே ஒரு ராத்திரி தங்கி, ஊருக்குத் திரும்பியும் இந்தக் கடலை மறக்க முடியாமல் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாளாம். அவள் பெட்டியையும் கோல்மன்தான் தூக்கியிருப்பான். எந்தப் பெட்டி என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மார்ச் மாதம், வருஷத்தின் முதல் பயணம். பெட்டிகளை இறக்கி வைத்தான். லீஸ்பெத் கூடத்துக்கு வந்தாள். உயரமாக இருந்தாள், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள்.

"டீ குடிக்கிறீங்களா?"

"வேண்டாங்க, எதுக்குச் சிரமம்."

"சரி," என்றாள். முகம் சுளிக்கவில்லை, சிரித்தாள்கூட. சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோல்மன் இரண்டாவது கேள்விக்காக நின்றான். பெட்டிகளை வரிசையாக நகர்த்தி வைத்தான். பிறகு வரிசை சரியில்லை என்று திரும்ப நகர்த்தினான். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். இரண்டு தடவை இருமினான். உள்ளே கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டது, பிறகு ஒரே ஒரு கோப்பையை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். எதிரே வந்த ஜான்ஜோவுக்கு அன்று விரலைத் தூக்கக்கூட மறந்துவிட்டான்.

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் வேண்டாம் என்றான். வாயில் வேறு வார்த்தை வந்தால்தானே? அவளும் சரி என்றாள். ஏப்ரலில் ஒரு நாள் பெட்டியை எடுக்கும்போது சொன்னாள்:

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். நீங்களும் வாங்க."

"ஐயோ, நான் எதுக்குங்க? உங்களுக்கு ஆயிரம் வேல இருக்கும்."

"வர முடியாதா? சரி, பரவாயில்ல."

ஞாயிற்றுக்கிழமை கோல்மன் முகச்சவரம் செய்துகொண்டான். நல்ல கோட்டைப் போட்டான். ஷூவைத் துடைத்தான். அவன் வீடு மலைச்சரிவில். ஜன்னலில் நின்றால் கீழே லீஸ்பெத் வீட்டு வாசல் தெரியும். எப்படியும் இன்னொரு தடவை கூப்பிட்டு அனுப்புவாள், போன் செய்வாள், யாரிடமாவது சொல்லியாவது விடுவாள் என்று போனுக்குப் பக்கத்திலேயே நின்றான். போன் அடித்தது. நுவாலா. டொராண்டோவில் இன்னும் பனி கரையவில்லை. கீழே அந்த வாசலுக்குள் ஒரு காரும் திரும்பவில்லை. சரி, என்னவோ காரணம், நிறுத்திவிட்டார்கள் போல என்று கோட்டைக் கழற்றி மாட்டினான்.

ஜூன் மாதத்தில் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். கோபமாக இல்லை. பெட்டி நனைந்திருந்தால் நனைந்திருக்கிறது என்பாள், காற்று அடித்தால் காற்று அடிக்கிறது என்பாள். கோல்மன் வீட்டிலிருந்தே ஃபிளாஸ்க்கில் டீ போட்டு எடுத்துவர ஆரம்பித்தான். பிளாக் ஹெட் முனையில் வெள்ளைக் கலங்கரை விளக்கத்துக்கு மேலே வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பின்னால் எட்டுப் பத்துப் பேருடைய பெட்டிகள் இருக்க, ஒருவனாகக் குடிப்பான். ஃபிளாஸ்க் டீக்கு ஒரு தகர ருசி உண்டு. சில நாள் மூடியில் ஊற்றியதை அப்படியே வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்குத் தனியாக இருக்கப் பிடிக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பிவிட்டார்களோ. அவனுக்குப் பிடிக்காது.

ஆகஸ்டில் மடாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் கையைக் காட்டினார். செயின் அறுந்துபோய்க் கல் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார். சைக்கிளை வண்டியில் ஏற்றி அவரையும் முன்னால் ஏற்றிக்கொண்டான். பெயர் டிர்க், ஹாலந்துக்காரர், எழுபதை நெருங்கியவர், ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தார்.

"எதுங்க உங்க பெட்டி?"

"அந்தப் பச்ச."

கோல்மனுக்குப் பெரிய ஏமாற்றம். பச்சைப் பெட்டிதான் அந்தக் கூட்டத்திலேயே கனமானது. தொப்பை போட்ட ஆள், பாட்டில் பாட்டிலாக ஒயின் என்று காலையில்தான் முடிவு கட்டியிருந்தான்.

"உள்ள என்ன, கல்லா?"

"கல்லுதான்," என்றார் டிர்க் சந்தோஷமாக. "பூச்சி, சங்கு எல்லாம் பதிஞ்சு கெடக்கு பாருங்க, அது."

"எங்க மலைய எங்க வண்டியிலயே கடத்துறீங்க."

டிர்க் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும், "நேத்து தங்கின வீட்டுக்காரம்மா எங்க ஊருப் பக்கம்," என்றார். "பாவம்."

"ஏன், என்ன பாவம்?"

"இங்க யாருக்கும் அவளப் புடிக்கலையாம்."

"யாரு சொன்னா அப்படி?"

"அவளேதான். வந்த புதுசுல ஊரையே வீட்டுக்குக் கூப்பிட்டாளாம். ஒருத்தர் பாக்கியில்லாம வேண்டாம்னுட்டாங்களாம். இருந்தாலும் மனசு மாறி வருவாங்கன்னு ரெண்டு ஆப்பிள் டார்ட் செஞ்சு வச்சிட்டு வாசலயே பாத்துக்கிட்டு இருந்திருக்கா. ஒரு வாரம் மூணு வேளையும் அதையே தின்னாளாம்."

கோல்மனின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. பின்னால் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதின.

"ஒரு தடவதானே கேட்டா?"

"ஆமா. எத்தன தடவ கேக்கணும்?"

எப்படி மூச்சு விடுகிறாய் என்று கேட்டால் எப்படிச் சொல்வது? அன்று சவரம் செய்துகொண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றவன் தான் ஒருவன் மட்டும் இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஃபனோர் முழுக்க, வீட்டுக்கு வீடு, நல்ல துணி உடுத்திக்கொண்டு இரண்டாவது அழைப்புக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நடுவில் அவள் இரண்டு ஆப்பிள் டார்ட்டோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"பெட்டி கொண்டாற ஆளுகூட கேட்டப்பெல்லாம் வேண்டாம் வேண்டாம்னு ஓடிட்டாராம்," என்றார் டிர்க். பிறகு திரும்பிப் பார்த்தார். "அது நீங்களா?"

"இல்லீங்க. அது வேற ஆளு," என்றான் கோல்மன். காது சிவந்துவிட்டது.

"இந்தக் குளிர்காலமும் இப்படியே போச்சுன்னா வீட்ட வித்துட்டு ஊருக்கே வந்துர்றேன்னு சொன்னா."

அன்று சாயங்காலம் கோல்மன் ஜன்னலில் நின்று கீழே பார்த்தான். அவள் வீட்டில் ஒரே ஓர் அறையில் விளக்கு எரிந்தது. அவளும் மேலே பார்த்தால் மலைச்சரிவில் ஒரே ஒரு விளக்குதான் தெரியும். இத்தனை மாதம் இதை யோசிக்காமல் போனோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது, வீட்டில் யாரும் இல்லை, அதனால் அடக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் வண்டியில் போகும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டான். "குடிக்கிறேன்." சே, காய்ந்து கிடக்கிறவன் மாதிரி இருக்கிறது. "குடிச்சா போச்சு." திமிர். "ஒரு வாய் குடுங்க." இது பரவாயில்லை. ஃபனோர் வருவதற்குள் அது நாக்கில் உட்கார்ந்துவிட்டது. பெட்டியை இறக்கினான். லீஸ்பெத் வந்தாள்.

"கருப்புப் பெட்டிக்குச் சக்கரம் ஒண்ணு ஆடுது, பாத்துத் தூக்குங்க," என்றாள். அவ்வளவுதான்.

அவள்தான் கேட்பதையே விட்டுவிட்டாளே. ஒரு வாய் குடுங்க என்பதைக் கேட்காதவளிடம் எப்படிச் சொல்வது? அடுத்தவர் வீட்டில் நின்று வாய்விட்டு டீ கேட்பதைவிட, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஊர் கூடியிருக்கும்போது துணியில்லாமல் அந்தப் பாறை மலையில் ஏறுவது கோல்மனுக்குச் சுலபம். ஆகஸ்ட் போயிற்று, செப்டம்பர் போயிற்று. தினமும் அந்த மூன்று சொல்லையும் ஃபனோர் வரை கொண்டுபோவான், கின்வாரா வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவான்.

ஒரு நாள் பாலிவானில் பிரீட் நெஸ்டர் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தான்.

"அந்த ஃபனோர் அம்மாகிட்ட யாராச்சும் சொல்லணும் பிரீட்."

"என்னன்னு?"

"இங்க நாம வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தமில்லன்னு."

"ஏன், ஒனக்கு வாய் இல்லையா?"

"நான் சொன்னா டீக்கு அலையிறான்னு நெனப்பா."

"அலையத்தானேய்யா அலையிற?" பிரீட் ஈரக்கையோடு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "தெரேசா போனதுலேர்ந்து ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே." அதற்குள் போன் அடித்தது. பத்துப் பேருக்குச் சைக்கிள் வேண்டுமாம். போனோடு உள்ளே போனவள் அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று கோல்மன் நினைத்தான்.

அக்டோபர் கடைசி. வருஷத்தின் கடைசிப் பயணம். அன்றோடு வண்டியைப் பிரீட்டின் கொட்டகையில் நிறுத்திவிட்டால் மார்ச் வரை எடுக்கமாட்டார்கள். ஃபனோரிலிருந்து கின்வாரா போகவேண்டிய பெட்டிகள் மட்டும் மிச்சம். கோல்மன் காலையில் கடைக்குப் போய் பிராக் வாங்கி முன் சீட்டில் வைத்தான். வண்டிக்குள் எட்டிப் பார்த்த பிரீட் விடவில்லை.

"முழு பிராக்கா? மோதிரம் வந்தா யாரக் கட்டிக்கப் போற, வண்டியவா?"

"வண்டி ஒன்னோடதாச்சே."

"அப்ப எங்கிட்ட வந்து பொண்ணு கேக்கணும். டயரத் தேச்சே வச்சிருக்க, ஒனக்குக் குடுக்கமாட்டேன் போ."

வழியெல்லாம் கோல்மன் ஒரு கணக்குப் போட்டான். டீ கேட்கத்தான் முடியாது. கொடுக்கலாமே? கொடுக்கிறவனுக்கு என்ன வெட்கம்? அதுவரைக்கும் சரி. அவளுடைய வீட்டு வாசலில் நின்று அவளுக்கே டீ கொடுப்பது கேட்பதைவிடக் கேவலம் என்பது அவனுக்கு வாய் திறந்த பிறகுதான் தெரிந்தது.

பெட்டிகளை ஏற்றி முடித்திருந்தான். லீஸ்பெத் வாசலில் நின்றாள். கம்பளிச் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இனி யாரும் வராத சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னியோட முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது." தொண்டையைச் செருமிக்கொண்டான். "வண்டில... ஃபிளாஸ்க்குல டீ இருக்கு. பிராக் ஒண்ணும் இருக்கு. ஒரு வாய் குடிக்கிறீங்களா?"

அவள் முகம் மெல்லச் சிவந்தது.

"ஐயையோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

ஹாலந்துக்காரி வேண்டாம் என்றால் வேண்டாம். இதைக் கற்றுக்கொள்ளத்தான் கோல்மனுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. பாடம் நன்றாகப் படித்திருந்தான்.

"சரிங்க," என்றான். வண்டியில் ஏறி உட்கார்ந்தான். கிளம்பிவிட்டான்.

பிளாக் ஹெட்டில் வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்தினான். மழை தூறியது. ஆரன் தீவுகள் இருந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிராக் பக்கத்து சீட்டில் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. இதோடு ஒரு மோதிரம் சேரும். வசந்தகாலத்தில் அவள் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை இருக்கும். யாராவது ஒரு டப்ளின்காரன் வாங்குவான், வருஷத்தில் ரெண்டு வாரம் வருவான். கோல்மன் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினான். ஊற்றிய கை பாதியில் நின்றது.

லீஸ்பெத் இதுவரை வேண்டாம் என்று சொன்னதெல்லாம் வெறும் வேண்டாம். பெட்டிக்குத் தார்ப்பாய் வேண்டுமா? வேண்டாம். மேலே தூக்கிக்கொண்டு போய் வைக்கட்டுமா? வேண்டாம், நன்றி. வெட்டினாற்போல முடியும். இன்றைக்குச் சொன்ன வேண்டாமுக்கு வால் இருந்தது. முன்னால் ஐயையோ, பின்னால் சிரமம். வால் வைத்த வேண்டாம் இந்த ஊர்ச் சரக்கு. அதுவும் அந்தச் சிரமம் வேறு யாருடையதும் இல்லை; மார்ச் மாதம் முதல் நாள் கூடத்தில் நின்று இவன் சொன்னது. பிரீட் மறக்கவில்லை. போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"அடப் பாவி மட்டி!" என்றான் கோல்மன் கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்து. சூடான டீயைக் கதவுக்கு வெளியே கொட்டிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

திருப்பியவன் அரை மைல் போவதற்குள் சாலை முழுக்க மாடு. அந்தப் பக்கத்து வழக்கப்படி குளிர்காலம் முழுக்க மலைமேல் மேய விடுவதற்காக ஜான்ஜோ தன் மந்தையை ஓட்டிக்கொண்டு வந்தான். ஒதுங்க இடமில்லை, இரண்டு பக்கமும் கல் சுவர். மாடுகள் அவசரமே இல்லாமல் வண்டியை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. ஜான்ஜோ பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"என்ன கோல்மன், வழி தப்பிட்டியா? கின்வாரா அந்தப் பக்கம்."

"ஒண்ண மறந்துட்டேன்."

"என்னத்த?"

"டீ குடிக்க."

ஜான்ஜோ சீட்டிலிருந்த பிராக்கைப் பார்த்தான், கோல்மனின் முகத்தைப் பார்த்தான். திரும்பி, முன்னால் நின்ற மாட்டின் பிட்டத்தில் ஓங்கி ஒன்று வைத்து, வழி உண்டாக்கிக் கொடுத்தான். போகும்போது ஒற்றை விரலைத் தூக்கினான்.

லீஸ்பெத் வாசலில் இல்லை. கதவு சாத்தியிருந்தது. இவ்வளவு தூரம் வந்தவனுக்கு அந்தக் கதவைத் தட்டுவதற்குள் வியர்த்துவிட்டது. தட்டினான். திறந்தாள். கண்ணோரம் ஈரமாக இருந்ததா, அடுப்புச் சூடா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"டீ குடிக்கிறீங்களான்னு கேட்டேன்," என்றான், பிராக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இப்பத்தான் குடிச்சேங்க."

"ஒரே ஒரு மொடக்கு."

அவள் அடுத்த வரியை மனசுக்குள் தேடுகிறாள் என்று தெரிந்தது. கோல்மன் பிராக்கை இன்னும் இறுக்கிக்கொண்டு நின்றான். எடுத்துக் கொடுக்கலாமா என்றிருந்தது, கொடுக்கவில்லை.

"சரி," என்றாள் கடைசியில், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி. "நின்னுக்கிட்டே குடிச்சிர்றேன்."

சொல்லி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மூணு தடவன்னு பிரீட் சொன்னா. நீங்க ஒரு தடவையிலயே போயிட்டீங்க. சொன்னவ மேல எனக்கு அப்படிக் கோவம்!"

"நீங்க ஹாலந்து ஆளாச்சேன்னு..." என்றான் கோல்மன். "அந்த ஏப்ரல் ஞாயித்துக்கெழம, நான் கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு நின்னேங்க."

அவள் சிரிப்பு நின்றது. அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் அலமாரியைத் திறந்து இரண்டாவது கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அந்தச் சத்தம் கோல்மனுக்குக் கேட்டது.

ஃபிளாஸ்க் டீயை அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்து, கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். கத்தி கொண்டுவந்து கொடுத்தாள். வெளியே வண்டியில் பெட்டிகள் நனைந்துகொண்டிருந்தன. கின்வாராவில் பத்துப் பேர் மாற்றுத் துணியில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு நாள் உட்காரட்டும். கோல்மன் பிராக்கின் நடுவில் கத்தியை வைத்தான். ஒரு பாதி அவள் பக்கம், ஒரு பாதி அவன் பக்கம். அம்மா போனதிலிருந்து இதுவரை, வெட்டும்போது அவன் உற்றுப் பார்த்ததில்லை. மோதிரம் யாருக்கு என்று முன்கூட்டியே தெரிந்த விஷயத்துக்கு யார் உற்றுப் பார்ப்பார்கள்? இன்றைக்குத் தெரியவில்லை.

"என்ன தேடுறீங்க?" என்றாள் லீஸ்பெத்.

"ஒண்ணுமில்லங்க," என்றான் கோல்மன். "மெதுவாச் சாப்பிடுங்க. பல்லுல படும்."